ஒன்று முதல் ஐந்து வரை: பாடத்திட்டம் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்விகள்

விழுப்புரம் மாவட்டத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறேன், ஐந்தாம் வகுப்பு எடுத்திருக்கிறேன், ஈராசிரியர் பள்ளியில் எல்லா வகுப்பையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தும் எடுத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும்போது, நாலைந்து அம்மாக்கள் மட்டும் வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள். வருடா வருடம் ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். அவற்றை இங்கே தொகுத்து, கொஞ்சம் நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

தொடக்கப்பள்ளியில் மொத்தம் எத்தனை பாடம்?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு. மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் பிரிந்து அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகிவிடும். ஆக ஐந்து. நான் கடைசியாக நடத்தியவை 2018-19இல் ஒன்றாம் வகுப்புக்கும், 2019-20இல் இரண்டு முதல் ஐந்து வரைக்கும் வந்த புத்தகங்கள். 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஒரு பருவத்துக்கான புத்தகத்தை மட்டும் பையில் வைத்தால் போதும். அது குழந்தைகளின் முதுகுக்கு நடந்த பெரிய நன்மை.

இவை புத்தகம் உள்ள பாடங்கள். புத்தகம் இல்லாத பாடங்களும் உண்டு: விளையாட்டு, ஓவியம், கைவேலை, பாட்டு, நூலகம், நன்னெறி. புத்தகம் இல்லாததால் இவற்றுக்குத் தேர்வு கிடையாது. தேர்வு இல்லை என்பதால் கால அட்டவணையில் பெயர் மட்டும் இருக்கும், அந்த நேரத்தில் கணக்கு நடந்துகொண்டிருக்கும். இதை நானும் செய்திருக்கிறேன். செய்யக் கூடாது என்று புரிய எனக்குச் சில வருடம் பிடித்தது.

எழுதப் படிக்க, கூட்டிக் கழிக்க வந்தால் போதாதா? மற்றதைப் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளலாமே?

போதாது. மற்ற பாடங்களை ஒதுக்கினால், எழுதப் படிக்கவே சரியாக வராது. இது கேட்க விசித்திரமாக இருக்கும். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். ஒருநாள் கடற்கரை ஊர்களைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தேன். "உப்பளத்தில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சினார்கள்" என்று அழகாக வாசித்தாள். என்ன புரிந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பளம்னா உப்பு போட்ட அப்பளமா டீச்சர்?" என்றாள். அப்பளத்துக்கு எதற்குப் பாத்தி, எதற்கு நீர் என்று அவளுக்கே குழப்பம். வகுப்பில் மற்றவர்களுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் கரும்பும் நெல்லும் விளையும் ஊர். மரக்காணத்து உப்பளம் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தாலும், அந்தப் பிள்ளைகளில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அவளுக்கு எழுத்தில் குறை எதுவும் இல்லை. உலகத்தைப் பற்றித் தெரிந்தது கம்மி, அவ்வளவுதான். அதற்கு மேலும் மேலும் வாசிப்புப் பயிற்சி கொடுத்து என்ன ஆகும்? அவளுக்கு வேண்டியிருந்தது அறிவியலும் சமூக அறிவியலும்.

மறுநாள் வரைபடத்தை விரித்து மரக்காணம், தூத்துக்குடி, வேதாரண்யம் மூன்றையும் விரல் வைத்துக் கண்டுபிடித்தோம். மூன்றும் கடலோரம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தோம், ஏனென்றால் கடல்நீரில் ஏறக்குறைய அந்த அளவுதான் உப்பு இருக்கும். அதை நாலு எவர்சில்வர் தட்டில் ஊற்றி, எறும்பும் தூசியும் விழாமல் மெல்லிய துணி கட்டி, சத்துணவுக் கூடத்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். தினமும் மதியம் இரண்டு பேர் போய்ப் பார்த்து, நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுத வேண்டும். முதல் நாள் "ஒன்னும் ஆகல" என்று இருந்தது. அதை "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதக் கற்றுக்கொண்டது அன்றைய தமிழ்ப் பாடம். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பொடியும் குட்டிக் குட்டிக் கட்டமாக இருந்தது. "எல்லாம் சதுரம் டீச்சர்!" என்று ஒரு பையன் கத்தினான். அவன் வடிவியலில் சதுரத்தை எப்போதும் செவ்வகம் என்று எழுதிக்கொண்டிருந்தவன்.

அப்புறம் கணக்கு. ஒரு லிட்டரில் 35 கிராம் என்றால் ஒரு கிலோ உப்பு எடுக்க எத்தனை லிட்டர் கடல்நீர் வேண்டும்? வகுக்கத் தெரியாதவர்கள் 35, 70, 105 என்று கூட்டிக்கொண்டே போனார்கள். 28 லிட்டரில் 980 கிராம், 29 லிட்டரில் 1,015 கிராம். "ஒரு பாக்கெட் உப்புக்கு ரெண்டு குடம் தண்ணியா!" என்று வாயைப் பிளந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டதற்கு, மழை என்று அவர்களே பதில் சொன்னார்கள். கடைசியாக, 1930இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போய் உப்பு எடுத்துக் கைதான கதையைச் சொன்னேன். கடலில் சும்மா கிடைக்கிற உப்புக்கு வரியா என்று ஒருத்தி கோபமாகக் கேட்டாள். வரலாற்றை அந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கிற குழந்தைக்கு ஆண்டை மனப்பாடம் செய்யச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த வாரம் நான் எந்தப் பாடம் நடத்தினேன் என்று கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்ல வராது. அந்தப் பெண் அதே பத்தியைத் திரும்ப வாசித்தபோது, "பாத்தி கட்டி" என்ற இடத்தில் கையால் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டே வாசித்தாள்.

இப்படி எல்லாவற்றையும் கலந்து நடத்துவது புது மோஸ்தரா?

இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையமே இதுதான். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மொழி, கணக்கு, இயற்கை அறிவு எல்லாவற்றையும் கற்பிப்பது. நூல் நூற்றால் இழையை எண்ண வேண்டும், நீளம் அளக்க வேண்டும், பஞ்சு எங்கே விளைகிறது என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் ஆதாரப் பள்ளிகளில் படித்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், கையால் நூல் நூற்கும் தக்கிளி பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிற்பாடு செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. பாட அட்டை, எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்கார்வது எல்லாம் அப்போது வந்தவை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் முழு வளர்ச்சிக்கானதாக இருக்க வேண்டும், செயல் வழியாகவும் தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகவும் கற்க வேண்டும், பயமில்லாமல் கற்க வேண்டும், முடிந்தவரை தாய்மொழியில் கற்க வேண்டும் என்கிறது. விளையாட்டும் ஓவியமும் பள்ளி பெரிய மனது வைத்துக் கொடுக்கும் சலுகை என்று நினைக்காதீர்கள். உங்கள் குழந்தைக்கு அவை உரிமை.

பக்கத்து வீட்டுப் பையன் 247 எழுத்தையும் ஒப்பிக்கிறான். என் மகள் ஒன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், இன்னும் வரிசையாகத் தெரியவில்லை.

வரிசையாகத் தெரிய வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247ஐயும் ராகம் போட்டு ஒப்பிக்கிற குழந்தையிடம், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள். பல பேர் "அ"விலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேருவார்கள். அது பாட்டு, இன்னும் வாசிப்பாகவில்லை.

நான் எளிய வடிவம் உள்ள எழுத்துகளில் ஆரம்பிப்பேன். ட, ப, ம மூன்றும் நேர்கோடுகளும் சின்ன வளைவுகளும்தான். "ம்", "ட்" இரண்டும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று இரண்டாவது வாரத்திலேயே குழந்தை முழுச் சொல் வாசிக்கும். "அம்மா" என்று எழுத, "அ" போடுவது பிஞ்சு விரலுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கொம்பும் காலும் வருகிற இடத்தில் எல்லாக் குழந்தைகளும் தடுமாறும். "கெ", "கே", "கொ", "கோ" நாலும் குழம்பும். ல, ள, ழ ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தொல்லை கொடுக்கும். அதற்காகத் தலையில் குட்டாதீர்கள். வீட்டில் "வாயப்பயம்" என்று பேசுகிற குழந்தைக்கு "வாழைப்பழம்" என்பது புதுச் சொல். வீட்டுப் பேச்சு தப்பு என்றும் சொல்லாதீர்கள். "வீட்டில் அப்படிச் சொல்வோம், எழுதும்போது இப்படி எழுதுவோம்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்ளும்.

கணக்கில் எதைக் கவனிக்க வேண்டும்? வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டுமா?

செய்யட்டும், மூன்றாம் வகுப்புக்கு மேல். அதற்கு முன்னால் இடமதிப்பு புரிய வேண்டும். நூற்று ஒன்றை எழுதச் சொன்னால் 1001 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. நூறு என்று கேட்டதும் 100, ஒன்று என்று கேட்டதும் 1. காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது, அதன் போக்கில் சரியான நியாயம். இதற்கு மருந்து தீக்குச்சிதான். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டில் கட்டினால் ஒரு கட்டு, பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு. கடன் வாங்கிக் கழிப்பதும் இதில்தான் புரியும். 52இலிருந்து 27ஐ எடுக்க வேண்டும். கையில் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி கொடு என்றால் எங்கே போவது? ஒரு கட்டைப் பிரி. இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஏழையும் இரண்டு கட்டையும் எடுத்தால் மீதி 25. கட்டைப் பிரித்த விரலுக்கு அது மறக்காது.

தமிழில் எண் சொல்வதில் ஒரு இடறல் உண்டு. எழுபது, எண்பது வரைக்கும் சீராக வந்து, அடுத்தது திடீரென்று தொண்ணூறு. நூறு வராத இடத்தில் "நூறு" மாதிரி கேட்கும். அதனால்தான் குழந்தைகள் எண்பத்தொன்பதுக்கு அப்புறம் நின்றுவிடுவார்கள், சிலர் "எண்பத்திப் பத்து" என்பார்கள். எழுநூறு, எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம் என்பதும் அதே கதைதான். இதைத் தெரிந்துகொண்டால், மக்கு என்று திட்ட மாட்டீர்கள். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுப்பீர்கள்.

எண்ணும் எழுத்தும் என்கிறார்களே, அது தனிப் பாடமா?

தனிப் பாடம் கிடையாது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலேயே மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் இந்தத் திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, 2023-24இல் நாலு, ஐந்துக்கும். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அதற்கேற்ற வேலை கொடுப்பார்கள். உங்கள் குழந்தை அரும்பு என்றால் அவமானப்பட வேண்டாம். பூக்கிற வரிசையில்தானே பெயரே வைத்திருக்கிறார்கள்.

வாரத்தில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தால் சரி?

கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரை வருடத்துக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம் வருகிறது. நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு 40 என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பிரித்தது இப்படி: தமிழ் 8, கணக்கு 8, ஆங்கிலம் 7, அறிவியல் 5, சமூக அறிவியல் 4, விளையாட்டு 3, ஓவியமும் கைவேலையும் 2, பாட்டு, நூலகம், நன்னெறி தலா 1. இது என் அனுபவக் கணக்கு, அரசாணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கைக் காலையில் வைப்பேன். விளையாட்டை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிக் குவிக்க மாட்டேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளியில் மூன்று பாடவேளை போனாலும் மிச்சத்துக்கு நீங்கள்தான் வீட்டில் வெளியே விட வேண்டும்.

ஓவியம், கோலம், பாட்டு எல்லாம் நேர விரயம் இல்லையா?

ஏழு புள்ளி வைத்து இடைப்புள்ளியாக நாலு வரை கொண்டுவந்து நிறுத்தும் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 6, 5, 4, கீழேயும் 6, 5, 4. மொத்தம் 37. நேர்ப்புள்ளியாக 7, 5, 3, 1 என்று இருபக்கமும் இறக்கினால் 25. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் சாக்பீஸால் தரையில் போட்டு எண்ணுவார்கள். பாதிக் கோலத்தை நான் போட்டு, மீதியைச் சமச்சீராக முடிக்கச் சொன்னால், ஒரு பக்கம் வளைந்த கோடு மறுபக்கம் எப்படி வளையும் என்பதைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். சமச்சீர் என்ற சொல் அதற்கப்புறம் வந்தால் போதும்.

ஆனால் ஓவியத்துக்குக் கணக்கைச் சொல்லித்தான் நியாயம் கேட்க வேண்டும் என்று இல்லை. வாயே திறக்காத ஒரு பையன் எனக்கு ஒரு வருடம் இருந்தான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவன் வரைந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாடவேளையை நான் கணக்குக்குக் கொடுத்திருந்தால் எனக்கு அது கடைசி வரை தெரிந்திருக்காது.

ஆங்கிலம்? அதுதானே முக்கியம்!

முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் தமிழில் புரிந்திருந்தால், அதற்கு ஆங்கிலச் சொல் கற்பது சுலபம். தமிழிலும் புரியாத ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தால் குழந்தையிடம் இரண்டுமே தங்காது. எங்கள் உப்புப் பாடம் முடிந்ததும் சால்ட், சன், சீ, வாட்டர் நாலும் ஒரே பாடவேளையில் வந்தன, ஏனென்றால் நாலும் அவர்கள் கையில் பட்டவை. முதல் இரண்டு வருடம் ஆங்கிலம் காதிலும் வாயிலும் இருக்கட்டும்: பாட்டு, சின்னச் சின்னக் கட்டளை, கதை. ஸ்பெல்லிங் அப்புறம்.

தெலுங்கு, உருது, கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் மலைக் கிராமத்துக் குழந்தைகளும் தமிழையே இரண்டாவது மொழியாகக் கற்கிறார்கள் என்பதையும் ஆசிரியர்கள் மறக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு. அங்கே இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், ஆனால் கஷ்டம். அதை மறைக்க மாட்டேன். சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று பேர். 40 பிள்ளைகள் உள்ள ஊரில் இரண்டு பேர்தான் வருவார்கள். ஓவியம், உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று சட்டம் சொல்வதும் ஆறாம் வகுப்புக்கு மேலேதான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆக தொடக்கப்பள்ளியில் பாட்டு வாத்தியாரும் டிரில் மாஸ்டரும் வகுப்பு டீச்சர்தான். ஒருவர் பயிற்சிக்கோ லீவிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருத்தர் தலையில்.

அங்கே பாடங்களைத் தனித்தனியாக நடத்தவே முடியாது. ஐந்து வகுப்புக்கு ஐந்து பாடம் என்றால் நாளுக்கு இருபதுக்கு மேல் பாடவேளை வேண்டும். ஒரே பொருளை எல்லா வகுப்புக்கும் எடுப்பதுதான் வழி. பாசிப்பயறை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பயறு ஈரப் பஞ்சில் சன்னலோரம், நாலைந்து பீரோவுக்குள் இருட்டில். ஒன்றாம் வகுப்பு எண்ணும், படம் வரையும். மூன்றாம் வகுப்பு அடிக்கோலால் தினமும் உயரம் அளந்து எழுதும். ஐந்தாம் வகுப்பு அதைப் பட்டை வரைபடமாகப் போடும். இருட்டில் வைத்ததுதான் உயரமாக வளர்ந்திருக்கும், ஆனால் வெளுத்துத் துவண்டு நிற்கும். வெயில் இல்லாதது ஏன் உயரமானது என்று பெரிய பிள்ளைகள் ஒரு வாரம் சண்டை போடுவார்கள். வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது என்பதை நான் உடனே சொல்ல மாட்டேன்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது ஈராசிரியர் பள்ளியில் தானாகவே நடக்கும். பெரிய பள்ளிகளில் அதைத் திட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

மார்க் எப்படி? ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வருமா?

2019 செப்டம்பரில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். அந்த நாலைந்து மாதம் எங்கள் வகுப்பில் பாட்டும் படமும் நின்றேபோனது. பத்து வயதுப் பிள்ளை பரீட்சை பயத்தில் காலையில் சாப்பிடாமல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இந்த வயதில் பொதுத்தேர்வு வேண்டாம் என்கிறது. சரியான முடிவு.

தேர்வு இல்லை என்றால் மதிப்பீடே இல்லை என்று அர்த்தம் இல்லை. முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கும் சிறு தேர்வுக்கும் சேர்த்து 40, பருவ முடிவுத் தேர்வுக்கு 60. அந்த 40 ஒழுங்காகப் போடப்பட்டால்தான் அர்த்தம். குழந்தை செய்யாத செயல்திட்டத்தை அப்பா கடையில் சார்ட் வாங்கி ஒட்டிக் கொடுத்தால், அது அப்பாவின் மார்க்.

வீட்டுப்பாடம், டியூஷன் வேண்டுமா?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. 2020இல் வந்த ஒன்றிய அரசின் புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. இன்றைக்கே ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். டியூஷன் இந்த வயதில் வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் நாங்கள் என்னதான் செய்வது? எங்களுக்கு அவ்வளவாகப் படிப்பு கிடையாது.

படிப்பு வேண்டாம். பேச்சு வேண்டும். களை எடுக்கப் போகும்போது எந்தச் செடி களை, எது பயிர் என்று சொல்லிக்கொண்டே போங்கள். சந்தைக்குக் கூட்டிப் போய் அரைக் கிலோ தக்காளிக்குக் காசு கொடுத்து மீதியை எண்ணச் சொல்லுங்கள். பஸ் போர்டை வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த விடுகதை, பல்லாங்குழி, தாயம் எல்லாமே பாடம்தான். அரசு நடத்தும் ஊஞ்சல் இதழ் நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வருகிறது. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த கதைப் புத்தகங்களும் பள்ளியில் இருக்கும். பீரோவில் பூட்டிக் கிடந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கத் தெரியாதவர் என்றால் இன்னும் நல்லது, குழந்தையை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு அதைவிடப் பெருமை வேறு கிடையாது.

பள்ளியில் எல்லாப் பாடமும் உண்மையிலேயே நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்க் அட்டையைப் பார்த்துத் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். ஜூன் மாதத்து நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பந்து, ஸ்கிப்பிங் கயிறு எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது வெளியே எடுத்தார்கள் என்று கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், டீச்சருக்கும் அந்தக் கேள்வி ஒரு பலம்தான். "பெற்றோர் கேட்கிறார்கள்" என்று சொல்லித்தான் நான் பலமுறை விளையாட்டுப் பாடவேளையைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அப்புறம் சாயங்காலம் குழந்தை வந்ததும், இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள், "ஒன்னும் இல்ல" என்றுதான் பதில் வரும். இன்றைக்கு டீச்சரிடம் என்ன கேட்டாய் என்று கேளுங்கள்.